ராயக்கோட்டைக்கு ஒரு வீக்லி ஆஃப்!

ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஐந்து பேருக்கு ஒரே நாளில் வீக்லி ஆஃப் அமைவது, ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் கூடி வருகிற மாதிரி! ஒருத்தனுக்கு ஏ ஷிப்ட் என்றால் இன்னொருத்தனுக்கு நைட். மூணாவது ஆள், "ஓ.டி. குடுத்துட்டாங்கடா..." என்று கடைசி நிமிஷத்தில் காலை வாருவான்.

அப்படியே பொருந்தி வந்தாலும் எங்கே போவது? பெங்களூர்! நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று சிக்னல் சிக்னலாக நின்று போய்ச் சேருவதற்குள் பாதி லீவும், சேர்ந்த பிறகு பாதி சம்பளமும் காலி. இந்தத் தடவை எதிர்ப்பக்கமாகப் போவது என்று தீர்மானித்தோம்.

கோஷ்டியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். எங்களுக்குள் பெயர் கிடையாது, டிபார்ட்மென்ட்தான். குவாலிட்டி - எதைப் பார்த்தாலும் ரிஜக்ட் பண்ணுவான். டூல் ரூம் - பையில் எப்போதும் ஸ்பானர், கயிறு, கத்தி. பர்சனல் - எல்லாரையும்விட ஐந்து வயசு மூத்தவர், 'அண்ணே' என்று கூப்பிட்டால் குளிர்ந்து போவார். அசெம்பிளி - அதிகம் பேசாத காவேரிப்பட்டணத்துப் பையன். அப்புறம், ஸ்டோர்ஸில் நட்டு போல்ட் எண்ணிக்கொண்டிருக்கும் அடியேன்.

"பைக்கை எடுத்துக்கிட்டு ஜவளகிரி, அஞ்செட்டின்னு காட்டுக்குள்ள பூந்துரலாம்டா. கேக்கறதுக்கு யாரு இருக்கா?" என்றான் டூல் ரூம்.

"யானை இருக்கு" என்றார் பர்சனல் அண்ணன்.

நிஜம்தான். அது 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம். கேழ்வரகு முற்றுகிற பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை வழியாக வருவது வருஷா வருஷம் நடக்கிற சங்கதி. யானை ஒரு பக்கம் இருக்கட்டும்... தீ? 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, மறக்க முடியுமா? அவர்களும் நம்மைப் போல சனி, ஞாயிறு லீவுக்குக் கிளம்பிய இளவட்டங்கள்தான்.

காட்டுக்குள் நடக்க ஆசையிருந்தால் அதற்கு முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அய்யூர் - சாமியேரி, குத்திராயன் மலை என்று இரண்டு. ஆன்லைனில் பணம் கட்டிப் பதிவு செய்தால், உள்ளூர் ஆளே வழிகாட்டியாக வருவார். தீ பிடிக்கும் அபாயமுள்ள மாசங்களில் பாதையை மூடிவிடுவார்கள். நாங்கள் கிளம்பியது மார்ச் மாசம். ஆகவே, வெட்டவெளிப் பாறை மலையான ராயக்கோட்டை!

காலை ஐந்தரைக்கு மூணு பைக்கில் கிளம்பினோம். கெலமங்கலம் தாண்டினதும் காற்றில் ஒரு குளிர். இருபுறமும் தக்காளி, முட்டைக்கோஸ், பாலிதீன் கூடாரத்துக்குள் ரோஜா. ஊரெல்லையில் ஒரு கடையில் டிபன். கடைக்காரர் தெலுங்கில் விலை சொல்லி, கன்னடத்தில் சில்லறை கேட்டு, தமிழில் கோபித்துக்கொண்டார். இந்த மூணும் தெரியாமல் எங்கள் பக்கத்தில் ஒரு டீ குடிக்க முடியாது. "சட்னி தண்ணி" என்று ரிஜக்ட் பண்ணிய குவாலிட்டி, ஆறாவது இட்லிக்கும் அதே சட்னியைத்தான் கேட்டு வாங்கினான்.

மலை ஏற ஆரம்பித்தோம். முதலில் படிகள்... அப்புறம் வெறும் பாறை. பத்தாவது நிமிஷம் தொந்தி என்பது ஒரு சுமை என்கிற ஞானம் எனக்குப் பிறந்தது. பர்சனல் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் 'போட்டோ எடுக்கலாமா?' என்று மூச்சு வாங்கிக்கொண்டார். அசெம்பிளி மட்டும் ஆடு மாதிரி முன்னால் போய்க்கொண்டே இருந்தான். டூல் ரூமின் பையிலிருந்த கயிறுக்குக் கடைசிவரை வேலையில்லை. கத்திக்கு இருந்தது, வெள்ளரிக்காய் நறுக்க!

வழியெல்லாம் இடிந்த மதில்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை இது. ஆனால் மதிலைப் பார்த்தால், இரண்டு எழுத்துக்கு நடுவே அம்பு பாய்ந்த இதயங்கள்தான் அதிகம். காதலர்களே, ஒரு விஷயம்: இப்படிக் கிறுக்கினால் 1958-ம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அந்தப் பணத்தில் பாதிக் கல்யாணத்தையே முடித்துவிடலாம்!

ஒண்ணேகால் மணி நேரத்தில் உச்சி. அடேயப்பா! கீழே வீடுகள் தீப்பெட்டியாக, சேலம் - பெங்களூர் ரயில் பாதை கோடு போட்ட மாதிரி. ஒரு பக்கம் ஓசூர் மேட்டு நிலம். மறுபக்கம் தரை சரிந்து இறங்கி பாராமகால் சமவெளி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வு. அங்கே வியர்வை, இங்கே ஸ்வெட்டர் என்பதன் ரகசியம் இதுதான்.

இரண்டுக்கும் நடுவிலுள்ள கணவாயைக் காவல் காக்கிற வாட்ச்மேன்தான் ராயக்கோட்டை. அதனால்தான் இதற்கு அவ்வளவு அடிதடி. திப்பு சுல்தான் வசமிருந்த இந்தக் கோட்டையை 1791 ஜூலையில் மேஜர் கௌடி என்கிற வெள்ளைக்காரன் தாக்கினான். முதலில் கீழ்க்கோட்டை விழுந்தது. அப்புறம் மேல்கோட்டை சரணடைந்தது. அதே வருஷம் நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையிலும் மோதிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அது 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தில்தான் பாராமகாலோடு சேர்ந்து கைமாறியது. 1799-ல் திப்புவின் கடைசி யுத்தத்துக்குக் கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் படை, மைசூர் எல்லைக்குள் நுழையுமுன் கூடாரம் போட்டது இந்த மலையடிவாரத்தில்தான். இரண்டே மாசத்தில், மே 4-ந் தேதி திப்பு வீழ்ந்தார்.

இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருக்க, பர்சனல் அண்ணன் சிரித்தார். "அப்ப கோட்டையில இருந்த சிப்பாய்ங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல காண்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு சொல்லு!"

எல்லாரும் சிரித்தோம். அசெம்பிளி சிரிக்கவில்லை. கீழே பார்த்தபடியே சொன்னான்: "எனக்கும் முப்பத்தி ஒண்ணாந் தேதியோட முடியுதுண்ணே."

வெள்ளரிக்காய் கையோடு நின்றது.

அவன் காண்ட்ராக்ட் லேபர். மூணு வருஷமாக அதே லைன், அதே ஸ்க்ரூ. 'பர்மனென்ட் ஆயிடும்' என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறான். அதை நம்பி அவனுடைய அப்பா தங்கச்சிக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார். ரினியூவல் இல்லை என்று தெரிந்து பத்து நாளாகிறது. தினமும் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன்டா சொல்லல?" என்றான் குவாலிட்டி.

"என்னத்தச் சொல்றது? நீங்கள்லாம் பர்மனென்ட்டு..."

ஓசூரில் ஒரே கேட்டுக்குள் நுழைகிறோம், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறோம். ஆனால் அடையாள அட்டையின் கலர் வேறே. அந்தக் கலர் நட்புக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம், யாரும் பேசுவதில்லை.

கிண்டலடித்த அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தம்பி, நான் சொல்றதைக் கேளு. கேட் பாஸைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்டைக் கையில வாங்கிடு. பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுத்துறாதே. உன் யு.ஏ.என். நம்பர் புதுக் கம்பெனியிலயும் அதேதான். பணத்தை அங்க மாத்திக்கலாம். மூணு வருஷ சர்வீஸும் விட்டுப் போகாது. மூணு வருஷம் லைன்ல நின்னவன் நீ, சும்மா இல்ல. அதைப் பயோடேட்டாவுல எழுதத் தெரியலேன்னா நான் எழுதித் தர்றேன்."

"மொதல்ல வீட்டுக்குச் சொல்லுடா" என்றான் டூல் ரூம்.

"அப்பா உடைஞ்சு போயிடுவார்டா."

"முப்பத்தி ஒண்ணாந் தேதிக்கப்புறம் சொன்னா மட்டும் சந்தோஷப்படுவாரா?"

உச்சியில் செல்போனுக்கு முழு டவர். ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் எழுந்து மதில் ஓரமாகப் போனான். நாங்கள் தூரத்தில் பார்க்கிற மாதிரி பாவ்லா பண்ணிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்... ஆனால் சிரிப்பு!

"என்னடா சொன்னார்?"

"'தோப்புல பிஞ்சு விட்டிருக்கு, காவலுக்கு ஆள் கிடைக்காம நானே திண்டாடிக்கிட்டிருக்கேன். வேற வேலை கிடைக்கிற வரைக்கும் வந்து கட்டில் போட்டுப் படு'ன்னாரு. 'இதுக்குப் போய் பத்து நாள் சோறு திங்காம இருந்தியாடா?'ன்னு திட்டினாரு."

"சோறு திங்காமலா? காலைல எட்டு இட்லிடா!" என்றான் குவாலிட்டி. அவன் ரிஜக்ட் பண்ணாமல் விட்ட ஒரே விஷயம், அந்த அப்பாதான்.

நீங்களும் போவதாக இருந்தால் சில குறிப்புகள்: விடிந்ததும் ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போடுங்கள். இடி முழங்கினால் மரியாதையாக இறங்கிவிடுங்கள். கொண்டுபோன பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கூட வருகிறவன் ரொம்ப அமைதியாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்பும்போது ராயக்கோட்டையில் ஆளுக்கு இரண்டு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டோம். மே மாசம் காவேரிப்பட்டணம் தோப்புக்கு எங்கள் எல்லாருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. மாம்பழம் ரெடியாகிவிடும். ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கத்தான் பர்சனல் அண்ணன் மனசு வைக்க வேண்டும்!