எக்ஸ்ரேயில் தெரியாத தளர்வு

இந்த வருஷம் ஆவணியில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கையை ஊன்றித் தப்பிக்கப் பார்த்ததில் வலது முழங்கை மூட்டு விலகிவிட்டது. பக்கத்து மருத்துவமனையில் மூட்டைப் பொருத்தி, எக்ஸ்ரே எடுத்து, "எலும்பில் கீறல்கூட இல்லை" என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். வலியும் போயிற்று. வீட்டில் பாயசம்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழும்போதெல்லாம் முழங்கைக்குள் 'டொக்'கென்று ஏதோ நழுவும். வலியில்லை, ஆனால் கை தாங்காதோ என்ற பயம். மறுபடி எக்ஸ்ரே, மறுபடி அதே பதில். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் நான். வண்டி இல்லாதபோது பாதை மட்டமாகத்தான் தெரியும். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி தளர்ந்திருப்பது சக்கரம் ஏறும்போதுதான் தெரியும். அவர்கள் படம் எடுத்ததோ சுமையில்லாத கையை!

முழங்கையை நாம் கதவுக் கீல் போல நினைக்கிறோம். மேற்கை எலும்பைச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா கவ்விப் பிடித்திருப்பது உண்மைதான். கையை முழுக்க நீட்டினாலும் முழுக்க மடக்கினாலும் அந்தக் கவ்வலே பெரும்பாலும் போதும். நடுவாந்தரத்தில்தான் லிகமெண்ட் என்கிற இணைப்பு நார்களுக்கு வேலை அதிகம். உட்புற நார், முன்கை வெளிப்பக்கமாக விரியாமல் தடுக்கிறது. பந்து எறிபவர்களுக்குப் பழுதாவது இது. வெளிப்புற நார் அறுந்தாலோ, முன்கையின் இரண்டு எலும்புகளும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, கட்டைவிரல் பக்கத்து ரேடியஸின் தலை பின்னால் நழுவும். இந்தக் கோளாறை அமெரிக்காவில் ஓட்ரிஸ்கால் முதலிய மருத்துவர்கள் விளக்கமாக எழுதியதே 1991-இல்தான்.

கடைசியில் ஓர் எலும்பு நிபுணரிடம் போனேன். அவர் படத்தைக் கேட்கவில்லை. கைகளை ஊன்றி நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். பாதியிலேயே நின்றுவிட்டேன். "போதும், உட்காருங்கள்" என்றார். வெளிப்புற நார் போய்விட்டதாம். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படமும் அதையே சொன்னது.

பயிற்சியால் தசைகளைப் பலப்படுத்திப் பார்த்தோம், நழுவல் நிற்கவில்லை. இனி வேறு நார் எடுத்துக் கட்ட வேண்டும். உட்புற நாருக்கு இந்த வித்தையை 1974-இல் லாஸ் ஏஞ்சலீஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பேஸ்பால் வீரருக்குச் செய்தார். நூற்றில் ஒரு பங்கு நம்பிக்கைதான் என்று எண்ணியிருந்தாராம். அந்த மனிதரோ 1976-இல் களத்துக்குத் திரும்பி 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள்; நடுவில் கயிறுபோல் எழும்புகிறதல்லவா? அதைத்தான் எடுத்துக் கட்டினார். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் குறையொன்றுமில்லை. எனக்கு இடது கையில் மட்டும் இருக்கிறது.

தை பிறந்ததும் ஆபரேஷன். அதுவரை கைப்பிடி இல்லாத நாற்காலிதான் எனக்கு என்று என் மனைவி உத்தரவு போட்டிருக்கிறாள்.