அந்த வெள்ளி ரூபாயை கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் அன்று கல்கத்தா வியாபாரிகள் புதுக் கணக்கு தொடங்குவார்கள். வெள்ளி ரூபாயைச் சிந்தூரத்தில் தோய்த்து, கணக்குப் புத்தகத்தில் முத்திரை போல ஒற்றுவது அங்கே பழைய வழக்கம். அதனால் அந்த ஊர்ப் பெட்டிகளிலிருந்து வெளிவரும் ரூபாயில் எழுத்துகளின் இடுக்கில் சிவப்புப் பொடி ஒட்டியிருந்தால் ஆச்சரியமில்லை. அதே ஊரின் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் வீட்டு ரூபாயில் குங்குமமும், விபூதி போட்டுத் தேய்த்த பளபளப்பும் இருக்கலாம். இப்படி ஒன்று கைக்கு வந்ததும் இன்று பலர் கேட்பது, இதை கிரேடிங்குக்கு அனுப்பலாமா என்பதுதான். பெரும்பாலான நாணயங்களுக்கு அது வீண் செலவு என்பதே என் பதில். எதற்கு வீண், எதற்கு அவசியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

நாணயம் அசல்தானா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நிபுணர்கள் பார்த்து, ஓர் எண் கொடுத்து, பிரித்தால் தெரிந்துவிடும்படியான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவதுதான் கிரேடிங். பெட்டியைச் சேகரிப்பாளர்கள் ‘ஸ்லாப்’ என்பார்கள். இதைச் செய்யும் நிறுவனங்களில் பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் அமெரிக்காவில் தொடங்கின. எண் 1 முதல் 70 வரை போகும். அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோல் அது. 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத நாணயம்.

அனுப்பும் முன் நாமே சில சோதனைகள் செய்து பார்க்கலாம். முதலில் தராசு. பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத்தின் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர். அவர் காலத்தில், 1835இல், கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது: 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1939 வரை இந்த அளவு மாறவில்லை. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. நகைக்கடைத் தராசில் எடை கணிசமாகக் குறைந்தால் அது வார்ப்புப் போலியாகவோ, ஓரம் சுரண்டியதாகவோ இருக்கலாம். 1818 என்று ஆண்டு போட்டு, ஒரு பக்கம் ராமர் தர்பாரும் மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயருமாக வரும் காசுகளைத் தராசில் வைக்கவே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை.

எடை சரியாக இருந்தால் அடுத்தது ஆண்டு. ஐந்தாம் ஜார்ஜின் 1918ஆம் ஆண்டு ரூபாய் பல குடும்பங்களில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட, அமெரிக்கா பிட்மன் சட்டத்தின் கீழ் சுமார் 26 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி இங்கே அனுப்பியது. அந்த வெள்ளி கல்கத்தாவிலும் பம்பாயிலும் ரூபாயாக மாறிக் கோடிக்கணக்கில் புழங்கியது. அதில் தேய்ந்த ஒன்றுக்கு வெள்ளி விலையோடு கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். கிரேடிங் கட்டணம், காப்பீடு, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்தால் நாணயத்தின் விலையை விழுங்கிவிடும்.

1911ஆம் ஆண்டு ரூபாய் வேறு கதை. மன்னரின் அங்கியில் யானைச் சின்னம் ஒன்று உண்டு. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் அது பன்றி போலத் தெரிகிறது என்று முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அரசு நாணயத்தைத் திரும்பப் பெற்று, வெளியே போகாததையெல்லாம் உருக்கி, அடுத்த ஆண்டே யானையைத் திருத்தியது. பத்து மடங்கு லென்ஸ் வைத்து அந்த யானையைப் பாருங்கள். உடலின் கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா, வழவழப்பாகிவிட்டனவா? பிறகு மன்னரின் கன்னம், புருவம், கிரீடத்தின் பட்டை. மேடான இடங்கள்தான் முதலில் தேயும். கடைசியாக ஒரே ஒரு விளக்கின் கீழ் நாணயத்தை ஓரம் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சடித்த பொழுதின் பொலிவு மிச்சமிருந்தால், ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம் போல முகத்தின் மேல் சுற்றி வரும். தேய்த்த நாணயத்தில் அது வராது. முழுப் பரப்பும் ஒரே மாதிரி மினுங்கும், லென்ஸில் முடிபோன்ற கீறல்கள் ஒரே திசையில் தெரியும்.

அந்தக் கீறல்கள் இருந்தால் பெரும்பாலும் எண்ணே கிடைக்காது. அசல்தான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதித் தருவார்கள். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தடம் இருந்தாலும் அப்படித்தான். நூறாண்டு காலம் வெள்ளியின் மேல் படிந்த கருமை அழுக்கு அல்ல. புளியோ பற்பசையோ போட்டு ஒரு நிமிடம் தேய்த்தால் அது போய்விடும், பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது. நல்ல எண்ணத்தில் இப்படிக் கெடுத்த நாணயங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

எந்த நாணயச்சாலை என்பதும் விலையை மாற்றும். ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் பின்பக்க அடியில் சிறு புள்ளி இருந்தால் பம்பாய். குறி இல்லாதது கல்கத்தா. ஆறாம் ஜார்ஜின் 1939 பம்பாய் ரூபாய் மிக அரிது. அதனாலேயே அதன் போலிகளும் உலவுகின்றன. இதற்கு மட்டும் தேய்மானம் இருந்தாலும் கிரேடிங் செய்வதே நல்லது. எண்ணைவிட ‘அசல்’ என்ற சான்றுதான் அங்கே பணம்.

இனிச் சட்டம். பலர் இதை யோசிப்பதே இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு நிறைந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம், கிரேடிங்குக்காக என்றாலும்கூட. 1911 ரூபாயைக் கூரியரில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிவிட முடியாது. ஏற்பாடு செய்து தருகிறேன் என்று ஏல நிறுவனமோ வியாபாரியோ சொன்னால், வேலை நாட்டுக்குள் நடக்கிறதா, இல்லையென்றால் எந்த அனுமதியின் பேரில் நாணயம் வெளியே போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாணயத்தின் இரு பக்கத்தையும் படமெடுத்து, எடையைக் குறித்து, ரசீது இல்லாமல் கையை விட்டு அனுப்பாதீர்கள்.