பத்து நாள் சஸ்பெண்ட்
2011-இல் சிகாகோ பள்ளி மாணவர் ஒருவர் கஞ்சாவோடு பிடிபட்டு, பத்து நாள் சஸ்பெண்ட் ஆனார். அந்த நாட்களில் ராப் பாடல்கள் எழுத உட்கார்ந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'டென் டே' மிக்ஸ்டேப். 2012 ஏப்ரலில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். இசை நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. பாடியவர் சான்ஸ் த ராப்பர், அப்போது வயது 18. குரலில் விடலைத்தனம் இருந்தது. சொல்விளையாட்டில் சரக்கும் இருந்தது. வணிக இதழான ஃபோர்ப்ஸ்கூட கவனித்தது என்றால் பாருங்களேன்! ஆனால் விமர்சகர்கள் பாராட்டித் தள்ளியது அடுத்த ஆண்டு வந்த 'ஆசிட் ராப்' தொகுப்பைத்தான். 2017-இல் மூன்று கிராமி விருதுகள் வாங்கியபோதும், அவர் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போட்டிருக்கவில்லை.