அமெரிக்கன் மாடலும் பிள்ளைகள் எழுதும் கட்டுரையும்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெயரைச் சொன்னால் போதும், சபை இரண்டாகப் பிரிந்துவிடும். சர் சி.பி. இராமசாமி ஐயர் என்பதே அந்தப் பெயர். 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர். கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் பெரியவர்களைக் கேட்டால், 1936-இல் ஆலயப் பிரவேச விளம்பரம், 1937-இல் பல்கலைக்கழகம், 1940-இல் பள்ளிவாசல் மின்சாரம் என்று அவர் காலத்துச் சாதனைகளை அடுக்குவார்கள். பக்கத்து வீட்டு மலையாள அன்பரைக் கேட்டால், புன்னப்புரா வயலாரில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகளைச் சொல்வார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டியவர்களுக்கோ, தமிழ் வட்டங்களின் போராட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இந்த மூன்று குரல்களையும் கேட்டு வளரும் பிள்ளை, பரீட்சையில் இந்தக் காலத்தைப் பற்றி எழுத நேரும்போது தடுமாறிப் போகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆண்டுகளையும் பெயர்களையும் அவர்கள் தலைகீழாக ஒப்பிப்பார்கள். கட்டுரை என்று வந்தால் மட்டும் தயங்குவார்கள். "சார், வீட்டில் சொல்வதை எழுதுவதா, புத்தகத்தில் இருப்பதை எழுதுவதா?" என்று கேட்பார்கள். இரண்டையும் சோதித்துப் பார்த்து எழுது என்பதே என் பதில். எப்படிச் சோதிப்பது என்று காட்ட, ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்வேன்: சி.பி. கொண்டுவந்த 'அமெரிக்கன் மாடல்' உண்மையிலேயே அமெரிக்க மாதிரிதானா?

அமெரிக்காவில் நடந்தது

விடை எழுதுவதற்கு முன் அமெரிக்காவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனிலிருந்து விடுபட்ட 13 மாநிலங்கள் முதலில் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாகத்தான் இருந்தன. மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட இல்லை. அந்த ஏற்பாடு சரிப்படாமல் போகவே, 1787-இல் பிலடெல்பியா நகரில் 55 பிரதிநிதிகள் கூடிப் புதிய அரசியல் சட்டத்தை எழுதினார்கள். சட்டம் இயற்றக் காங்கிரஸ், நிர்வாகத்துக்கு ஜனாதிபதி, நீதிக்கு உச்ச நீதிமன்றம் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள். காங்கிரசில் பெரும்பான்மை இழந்தாலும் ஜனாதிபதி பதவி இழப்பதில்லை. ஆனால் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அவர் தேர்தலைச் சந்தித்தாக வேண்டும். கடும் குற்றம் செய்தால் கீழ்ச்சபை குற்றம் சாட்டலாம், செனட் விசாரித்து நீக்கலாம். அவர் தடுக்கும் மசோதாவை இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மீண்டும் நிறைவேற்றலாம்.

அந்தச் சட்டத்தை மக்கள் ஏற்க வேண்டும் என்று வாதாடி, ஹாமில்டன், மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். பெரும்பாலானவை நியூயார்க் பத்திரிகைகளில் வந்தன. ஒரு நாட்டின் அரசமைப்பை நிலைநாட்டக் கட்டுரை துணை நின்றது என்பதைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்வேன்.

கட்சிகள் வேண்டும் என்று அந்த முன்னோர்கள் நினைக்கவே இல்லை. அரசியல் சட்டத்தில் கட்சி என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆனாலும் முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் அமைச்சரவைக்குள்ளேயே பிளவு வந்தது. வலுவான மைய அரசும் தேசிய வங்கியும் வேண்டும் என்றார் நிதியமைச்சர் ஹாமில்டன். மாநில உரிமையும் உழவர் நலனும் பெரிது என்றார் ஜெபர்சன். முதலணி பெடரலிஸ்ட் கட்சியாகவும், மற்றது டெமாக்ரடிக் ரிபப்ளிகன் கட்சியாகவும் வளர்ந்தன. 1796-இல் பதவி விட்டுப் போகும்போது வாஷிங்டன் கட்சிப் பகையைப் பற்றி எச்சரித்துவிட்டுத்தான் போனார். 1800 தேர்தலில் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றார்கள். கீழ்ச்சபை 36 முறை வாக்கெடுத்த பிறகே 1801-இல் ஜெபர்சன் வென்றார். தோற்ற கட்சி துப்பாக்கி எடுக்காமல் ஆட்சியைக் கொடுத்துவிட்டு இறங்கியது. அமெரிக்க மாதிரியின் உயிர்நிலை இதுதான் என்பேன்.

திருவிதாங்கூரில் நடந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். 1888-இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா 8 பேர் கொண்ட சட்டசபையை அமைத்தார். இந்திய சமஸ்தானங்களில் இதுவே முதலாவது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை, இன்று அய்யங்காளி ஹால் என்று பெயர் பெற்றுள்ள அந்த வி.ஜே.டி. ஹாலில் கூடியது. உறுப்பினர்கள் குறைகளை எடுத்துச் சொல்லலாம், முடிவெடுப்பது திவான்தான். 1933 தொடக்கத்தில் இரண்டு சபைகள் வந்தன. வாக்குரிமை சொத்தையும் வரியையும் பொறுத்து இருந்ததால், ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் மக்கள் தங்களுக்கு உரிய இடம் கிடைக்காது என்று தேர்தலிலிருந்து விலகி நின்றார்கள். அதுவே நிவர்த்தனப் போராட்டம். 1938-இல் பட்டம் தாணுபிள்ளை தலைமையில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றிப் பொறுப்பாட்சி கேட்டது. 1945-இல் நாகர்கோவிலில் தமிழர்களுக்கென ஓர் அமைப்பு உருவாகி, பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆயிற்று.

இந்நிலையில்தான் 1946-இல் சி.பி. தம் திட்டத்தை வெளியிட்டார். வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை, அவர்கள் தேர்ந்தெடுக்கும் சட்டசபை, ஆனால் அந்தச் சபையால் நீக்க முடியாத நிர்வாகம். அந்த நிர்வாகத்தின் தலைமை மகாராஜா நியமிக்கும் திவானிடம். இதற்கு மக்கள் சொன்ன பதில் ஒரே முழக்கமாக இன்றும் வாழ்கிறது: "அமெரிக்கன் மாடல் அரபிக் கடலில்!" அந்த அக்டோபரில் ஆலப்புழைப் பக்கம் கயிறுத் தொழிலாளரும் பிறரும் எழுந்தார்கள். 24-ஆம் தேதி புன்னப்புராவிலும் 27-ஆம் தேதி வயலாரிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது.

1947 ஜூன் 11 அன்று, பிரிட்டிஷார் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று சி.பி. அறிவித்தார். ஜூலை 25 அன்று இதே நகரில் ஒரு சங்கீத விழாவில் அவர் வெட்டப்பட்டுக் காயமடைந்தார். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைய ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். செப்டம்பர் 4 அன்று மகாராஜா பொறுப்பாட்சியை அறிவித்தார். 1948 தொடக்கத்தில் அனைவருக்கும் வாக்குரிமையோடு தேர்தல் நடந்தது. 120 இடங்களில் தமிழ்நாடு காங்கிரஸ் 14 பெற்றது. அந்த வழி நடந்து நடந்துதான் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. நம்மில் பலர் உறவினர் வீட்டுக்குப் போக இன்று மாநில எல்லை கடப்பது இதனால்தான்.

ஒப்பிட்டால் கிடைப்பது

இப்போது கேள்விக்கு விடை சொல்லலாம். சி.பி.யின் திட்டம் முழுப் பொய் என்று எழுதுவது சுலபம், ஆனால் சரியல்ல. ஒரு விஷயத்தில் அவர் திட்டம் 1787 அமெரிக்காவையே மிஞ்சியது. அன்றைய அமெரிக்காவில் அடிமைகளுக்கு வாக்கில்லை, பெரும்பாலும் பெண்களுக்கும் இல்லை. பல மாநிலங்களில் சொத்தில்லாத ஆண்களுக்கும் இல்லை. சி.பி. எல்லோருக்கும் வாக்கு தர முன்வந்தார்.

ஆனால் வாக்கு எத்தனை பேருக்கு என்பது ஒரு கேள்வி. அந்த வாக்கால் எதை மாற்ற முடியும் என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவில் சபையால் கவிழ்க்க முடியாத நிர்வாகி உண்டு. அவரைத் தேர்தல் மாற்றும். திருவிதாங்கூரிலும் சபையால் கவிழ்க்க முடியாத நிர்வாகி இருப்பார். அவரை எந்தத் தேர்தலும் மாற்றாது. 1801-இல் ஜெபர்சனுக்குத் திறந்த கதவு, பட்டம் தாணுபிள்ளைக்கு அந்தத் திட்டத்தில் இல்லை. அமெரிக்க வீட்டின் சுவரை எடுத்துக்கொண்டு, வாசலை விட்டுவிட்டார்கள். இதை எழுதும் பிள்ளை சி.பி.யைத் திட்டவும் இல்லை, துதிக்கவும் இல்லை.

எழுதும் முறை

பெற்றோர் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கக்கூடிய சில விஷயங்களைத் தருகிறேன்.

முதலில் கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். 'விவரி' என்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'ஒப்பிடு' என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். 'மதிப்பிடு' என்றால் முடிவு சொல்ல வேண்டும். மதிப்பிடச் சொன்னால் விவரித்துவிட்டு வருவதால்தான் நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகிறது.

இரண்டாவது, எழுதத் தொடங்கும் முன் விடையை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். "சி.பி. திட்டத்தில் வாக்குரிமை விரிந்தது, அதிகாரம் விரியவில்லை" என்பது ஒரு விடை. "சி.பி. பெரிய மேதை" என்பது கேட்ட கேள்விக்கு விடையே அல்ல.

மூன்றாவது, ஒரு பத்தியில் ஒரு கருத்து, அதற்கு ஓர் ஆதாரம். ஆண்டும் பெயரும் ஆதாரமாக வர வேண்டும்; அலங்காரமாக அல்ல.

நான்காவது, எதிர்த் தரப்பின் நல்ல வாதத்தை எடுத்து வையுங்கள். நிலையான நிர்வாகம் வேண்டும் என்ற வாதத்தில் பொருள் உண்டு. பின்னாளில் திருவிதாங்கூர்-கொச்சியில் அமைச்சரவைகள் அடிக்கடி கவிழ்ந்தன. அதைச் சொல்லிவிட்டு மறுத்தால்தான் உங்கள் வாதத்துக்கு வலு.

ஐந்தாவது, யார் சொன்னது என்று கேளுங்கள். வயலாரில் இறந்தவர் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. அங்கே ஓர் எண்ணை உறுதியாக எழுதாமல், கணக்குகள் மாறுபடுகின்றன என்று எழுதுவதே நேர்மை. வேலுப்பிள்ளையின் திருவிதாங்கூர் மானுவல் 1940-இல் சமஸ்தான அரசின் வெளியீடாக வந்தது. அரசின் குற்றத்தை அதில் தேடுவதும், அரசின் சாதனையை முழக்கங்களில் தேடுவதும் வீண். பாளையத்து நூலகங்களில் இரண்டு பக்கத்து நூல்களும் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

தமிழர் என்பதால் நமக்கு ஒரே வரலாறு என்று எண்ண வேண்டாம். திவானும் தமிழர்; அவரை எதிர்த்து நின்றவர்களிலும் தமிழர் உண்டு. வந்த ஊரின் வரலாற்றைச் சரியாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஊரில் அந்நியம் இருக்காது. வீட்டில் எண்பது கடந்த தாத்தா பாட்டி இருந்தால், அந்த நாட்களில் கண்டதையும் பெற்றோர் சொல்லக் கேட்டதையும் பேரப்பிள்ளைகள் தனித்தனியே தேதி போட்டு எழுதி வைக்கட்டும். அதுவும் ஓர் ஆதாரமே. அதையும் மற்ற ஆதாரங்களைப் போலவே சோதித்துப் பார்க்கக் கற்றுக் கொடுங்கள்.