ஆரணியில் பிறந்த காப்டன்

ஆரணி என்ற பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் பெண்மணிகளுக்குப் பட்டுப் புடவை ஞாபகம் வருகிறது. சமையற்கட்டில் அதிகாரம் செலுத்துவோருக்கு அரிசி ஞாபகம் வருகிறது. சரித்திரம் படித்த பெரியவர் யாராவது இருந்தால், 1751-ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் அங்கே நடத்திய சண்டையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லக்கூடும். ஹாக்கியை நினைப்பவர் அநேகமாக ஒருவரும் இல்லை. ஆயினும், இந்திய ஹாக்கி கோஷ்டி ஒலிம்பிக் பந்தயத்தில் கடைசியாகத் தங்கப் பதக்கம் பெற்றபோது அதற்குத் தலைமை வகித்தவர் இந்த ஆரணியில் பிறந்தவர்தான். வாசுதேவன் பாஸ்கரன் என்பது அவர் பெயர். பிறந்தது 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி. பாரத நாடு குடியரசான அதே வருஷம்.

தறியிலிருந்து இறங்கிய புடவை மூட்டையில் ஏறி வெளியூர்க் கடைக்குப் போய்விட்டால், வாங்குகிறவர் விலையைக் கேட்பார், சாயம் நிற்குமா என்று கேட்பார்; நெய்த ஊரை விசாரிப்பது அபூர்வம். பாஸ்கரன் விஷயமும் அப்படியே ஆயிற்று. அவர் ஆட்டம் பிரசித்தி பெற்றது சென்னையில். ஆகவே அவரைச் சென்னைக்காரர் என்றே எண்ணிவிட்டார்கள். அது போகட்டும். நமக்கு வருத்தம் தருவது வேறொன்று. 1980-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் அவர் தலைமையில் கிடைத்த தங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது என்ன பிரமாதம்? பலசாலிகள் எல்லாரும் வராத பந்தயந்தானே!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நம்மவரிலேயே இருக்கிறார்கள். இந்த ஆட்சேபத்தைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1979-ஆம் வருஷக் கடைசியில் ரஷ்யத் துருப்புகள் ஆப்கானிஸ்தானத்தில் நுழைந்தன. அதைக் கண்டித்து அமெரிக்காவும் அதைப் பின்பற்றிய பல தேசங்களும் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தன. அதற்கு முன் 1976-ல் மான்ட்ரியலில் நடந்த பந்தயத்தில் தங்கம் வென்ற நியூஸிலாந்து மாஸ்கோவில் ஹாக்கி ஆடவில்லை. ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், ஹாலந்து, மேற்கு ஜெர்மனி ஆகியவையும் ஆடவில்லை. களத்தில் இறங்கியவை ஆறே கோஷ்டிகள்: இந்தியா, ஸ்பெயின், சோவியத் ரஷ்யா, போலந்து, கியூபா, டான்சானியா.

ஆனால் 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் எத்தனை கோஷ்டிகள் ஆடின தெரியுமா? மூன்று! இந்தியா, ஜப்பான், அமெரிக்கா, அவ்வளவே. நம்மவர் அமெரிக்காவை 24-1 என்ற கணக்கில் முறியடித்தனர். ஆடிய இரண்டு பந்தயங்களிலும் தோற்ற அமெரிக்காவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது என்றால் வேறு என்ன சொல்ல! 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் நாம் முதல் தங்கம் பெற்றபோது பிரிட்டன் ஹாக்கிக்கு வரவே இல்லை. அந்த ஆட்சியாளரை ஒலிம்பிக் களத்தில் சந்தித்து 4-0 என்று ஜயிக்க நாம் 1948 வரை, அதாவது சுதந்திரம் வரும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. தியான் சந்தின் பதக்கங்களை இதனால் யாராவது குறைத்துப் பேசுகிறார்களா? வராதவன் வராமற்போனதற்கு வந்தவன் எப்படிப் பொறுப்பாவான்?

பாஸ்கரனுடைய தங்கத்தின் பெருமையை அறிய வேண்டுமானால், வராதவர்களின் ஜாபிதாவை விட்டுவிட்டு, நம் கோஷ்டி எந்த நிலையிலிருந்து எழுந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மான்ட்ரியலில் இந்தியாவுக்கு ஏழாவது இடம். 1928 முதல் ஹாக்கியில் பதக்கமின்றி நம்மவர் திரும்பியது அதுவே முதல் தடவை. அந்தக் கோஷ்டியில் பாஸ்கரனும் ஓர் ஆட்டக்காரர்.

அந்த வீழ்ச்சிக்கு ஒரு முக்கியமான காரணம் தரை. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடந்தது மான்ட்ரியலில்தான். இயற்கைப் புல்லில் பந்து சிறிது தயங்கும், துள்ளும். அதை மட்டையால் தழுவி நிறுத்தி, இப்படியும் அப்படியும் ஏய்த்துக் கொண்டு போவதுதான் நம்மவர் வித்தை. செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிக் கொண்டு பறக்கிறது. அங்கே ஓட்டமும் உடல்வலிவும் முன்னே நிற்கின்றன. அப்போது இந்தியாவில் அத்தகைய மைதானம் ஒன்றுகூட இல்லை. கைத்தறியில் பழகியவனை ஒரே இரவில் விசைத்தறிக்கு முன் நிறுத்தியது போல் இருந்தது! மாஸ்கோவிலும் அதே விதமான தரைதான் காத்திருந்தது.

1980 ஜூலை மாதம் பந்தயம் துவங்கிற்று. டான்சானியாவை 18-0 என்று வென்றதைப் பற்றிப் பெருமை பேச நாம் விரும்பவில்லை. கியூபாவை 13-0 என்று வென்றதையும் அப்படியே விட்டுவிடலாம். போலந்துடன் 2-2, ஸ்பெயினுடன் 2-2 என்று சமமாக முடிந்த ஆட்டங்களே கவலைக்கு இடமானவை. கடைசியில் சோவியத் ரஷ்யாவை அதன் சொந்த மண்ணில், அதன் ஜனங்களின் ஆரவாரத்துக்கு நடுவே எதிர்க்க வேண்டியிருந்தது. இரு கோஷ்டிகளும் அதுவரை ஆளுக்கு ஆறு புள்ளிகள் பெற்றிருந்தன. அன்று தோற்றிருந்தால் இறுதிப் பந்தயத்துக்குப் போவது ரஷ்யாதான். நம்மவர் 4-2 என்று ஜயித்தனர்.

ஜூலை 29-ஆம் தேதி இறுதிப் பந்தயம். எதிரே ஸ்பெயின். மான்ட்ரியலில் நமக்கு மேலே நின்ற ஆறு தேசங்களில் மாஸ்கோவில் ஹாக்கி ஆடியது அந்த ஒரு தேசந்தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதற் பாதியில் சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோல்கள் போட்டார். இடைவேளைக்குப் பிறகு கௌஷிக் மூன்றாவதைப் போட்டதும், தங்கம் கைக்கு வந்துவிட்டது என்றே யாரும் எண்ணியிருப்பார்கள். அந்த வேளையில்தான் ஹுவான் அமாத் என்ற ஸ்பானியர் விசுவரூபம் எடுத்தார். ஒன்று, அடுத்து இன்னொன்று. 3-0 என்றிருந்தது 3-2 ஆயிற்று.

முன்னணியில் இருக்கும் கோஷ்டிக்கு இதைவிட ஆபத்தான கட்டம் கிடையாது. எல்லாரும் பின்வாங்கிக் கோலைக் காக்க நின்றால் எதிரி மேலும் மேலும் நெருக்குவான். எல்லாரும் முன்னே பாய்ந்தால் வாசல் திறந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவே நின்று பாவையும் ஊடையையும் இணைக்கிற வேலை இடைவரிசை ஆட்டக்காரருடையது. பாஸ்கரன் ஆடியது அந்த வரிசையில். அச்சமயம் நான்காவது கோலைப் போட்டவர் முகம்மது ஷாஹித் என்ற இருபது வயது இளைஞர். அவர் காசி நகரத்தவர். ஆரணிப் பட்டும் பனாரஸ் பட்டும் ஒரே பெட்டியில் சேர்ந்தது போல என்று எழுதக் கை துடிக்கிறது; நேயர்கள் மன்னிப்பார்களாக! அமாத் மூன்றாவது கோலையும் போட்டு வயிற்றில் புளியைக் கரைத்தார். மிச்ச நிமிஷங்களை நம்மவர் எப்படியோ சமாளித்தனர். 4-3. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவின் எட்டாவது தங்கம்.

மறுவருஷம் சர்க்கார் பாஸ்கரனுக்குப் பத்மஸ்ரீ பட்டம் அளித்துக் கௌரவித்தது. ஆனால் மாஸ்கோ வெற்றியால் இந்திய ஹாக்கியின் வியாதி தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டின் இறுதிப் பந்தயத்தில் பாகிஸ்தான் நம்மை 7-1 என்று தோற்கடித்தது. 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியே நமக்குக் கிடைக்கவில்லை. புல்தரையில் ஆடிப் பழகும் பள்ளிப் பையன் செயற்கைத் தரையைக் காண எத்தனை காதம் போகவேண்டியிருக்கிறது என்பதை எண்ணினால், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மாஸ்கோவுக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கியில் மறுபடி ஒரு பதக்கத்தைக் காண 41 வருஷங்கள் சென்றன. 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் பெற்றோம். 2024-ல் பாரிஸிலும் வெண்கலம். அந்தப் பதக்கத்துக்காக நம்மை எதிர்த்து நின்றது ஸ்பெயின். கணக்கு 2-1.