பரணில் இருக்கும் இசைத்தட்டுக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்?

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் அப்பளமும் தீப்பெட்டியும் மட்டுமா நமுத்துப் போகின்றன? பரண் மேல் பழைய புடவையில் சுற்றி வைத்த இசைத்தட்டுகளுக்கும் அதே கதிதான். உறையில் வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம் பூத்திருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் இப்படி ஒரு பேச்சு எழும்.

"ஏட்டி, அதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுராத. உங்க மாமா ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்துச் சேத்தது."

"போடலை அத்தை. ஆனா கேக்கதுக்குப் பெட்டி இல்லையே! நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு உங்க மவன் சொல்லுதாக. விலையைக் கேட்டா எனக்குத் தலை சுத்துது."

மருமகளுக்குத் தலை சுற்றுவதில் நியாயம் இருக்கிறது. இசைத்தட்டு மறுபடியும் நாகரிகமாகிவிட்ட காலம் இது. அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில், 1987-க்குப் பிறகு முதல் முறையாக, சி.டி.க்களைவிட இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் அதிகம் விற்றிருக்கின்றன. அதனால் சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டியில் தொடங்கி, பல லட்சம் ரூபாய் யந்திரம் வரை கடைக்கு வந்துவிட்டது. மலிவானதை வாங்கித் தட்டைக் கீறிக்கொள்வதும் உண்டு. விலை உயர்ந்ததை வாங்கிவிட்டு, வீட்டில் இருக்கும் தட்டு அதில் ஓடவே ஓடாது என்று பிறகு தெரிந்துகொள்வதும் உண்டு. போன பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். கீறிய தட்டைச் சம்பாதிக்க முடியுமா?

நம் ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. நாடக மேடையில் அவர் உச்சஸ்தாயியில் பாடினால் கொட்டகையே கிறங்கிப் போகும் என்பார்கள். 1933-ல், இருபத்தேழே வயதில் மறைந்துவிட்டார். இன்று நம் காதுக்கு அவர் குரல் எட்டுகிறதென்றால், அது அந்தக் கால கிராமபோன் தட்டுகளின் புண்ணியம். அப்படி ஒரு தட்டு உங்கள் பரணிலும் இருக்கலாம், யார் கண்டது?

முதலில் தட்டைப் பாருங்கள்

பெட்டி வாங்கக் கிளம்புமுன் பரணைக் காலி செய்து, தட்டுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கனமாக, தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் கேட்கிற தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை. பெரும்பாலும் பத்து அங்குலம். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டுத்தான் இருக்கும். இவை அரக்குக் கலவையில் செய்தவை. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

பன்னிரண்டு அங்குலத்தில், லேசாக வளைந்து கொடுப்பவை எல்.பி. தட்டுகள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 1948-ல் அமெரிக்காவில் அறிமுகமானவை. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். 1963-ல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் இந்த வகைதான்.

ஏழு அங்குலச் சின்னத் தட்டுகளில் பெரும்பாலானவை 45 சுற்று. நம் ஊரில் சினிமாப் பாட்டுகள் இந்த வடிவில் நிறைய வந்தன. சில சின்னத் தட்டுகள் 33⅓-லும் ஓடும்; நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் வேகம் அச்சிட்டிருக்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். இன்றைய உயர்தர டர்ன்டேபிள்களில் பல, 33⅓-ம் 45-ம் மட்டுமே சுற்றும். பெயர் பெற்ற ரேகா பிளானர் 3 அப்படிப்பட்டதுதான். எல்.பி. கேட்பதற்கு அருமையான யந்திரம். ஆனால் கிட்டப்பாவின் 78 தட்டுக்கு அது உதவாது. உங்களிடம் இருப்பதில் பாதி 78 தட்டு என்றால், மூன்று வேகமும் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும். ஆடியோ டெக்னிகா எல்.பி. 120 எக்ஸ் போன்றவற்றில் மூன்றும் உண்டு. அதன் விலை லட்சத்தைத் தொடுகிற யந்திரங்களைவிடக் குறைவுதான்.

பணம் எங்கே போகிறது?

"எல்லாம் தட்டைச் சுத்தறதுதானே, அதுக்கு எதுக்கு அம்புட்டு விலை?" என்று மாமியார் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தட்டைச் சுற்றுவது பெரிய வேலை இல்லை. ஒரே சீராக, சத்தமே இல்லாமல் சுற்றுவதுதான் பெரிய வேலை. வேகம் இம்மி பிசகினாலும் சுருதி ஆடிவிடும். மோட்டாரின் அதிர்வு முள்ளுக்கு ஏறினால், பாட்டுக்கு அடியில் உறுமல் கேட்கும். உயர்ந்த யந்திரங்களில் கனமான தட்டு மேடை, துல்லியமான அச்சு, உராய்வு இல்லாமல் அசையும் கை, நேர்த்தியான முள் ஆகியவற்றுக்கே பணம் போகிறது.

மோட்டாரிலிருந்து ரப்பர் பெல்ட் மூலம் சுற்றுவது ஒரு வகை. மோட்டாரே நேராகச் சுற்றுவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் டெக்னிக்ஸ் கம்பெனியின் எஸ்.எல். 1200 பேர் போனது. 1972-ல் வந்தது, 2010-ல் நிறுத்தினார்கள், கேட்பவர்கள் பெருகவே 2016-ல் மறுபடியும் செய்யத் தொடங்கினார்கள். எது உயர்த்தி என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நமக்கு ஒன்று போதும்: பெல்ட் வகையில் சில வருஷங்களுக்கு ஒரு முறை பெல்ட் தளரும், மாற்ற வேண்டும். கடைக்காரரிடம் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பழைய 78 தட்டுகள் எல்லாமே சரியாக 78-ல் பதிவானவை அல்ல. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு வேகத்தைச் சரி செய்யலாம்.

முள்தான் உயிர்

மலிவான சூட்கேஸ் பெட்டிகளில் முள் ஐந்து கிராமுக்கும் மேல் அழுத்தும். நல்ல யந்திரத்தில் இரண்டு கிராமுக்குள்தான். வெண்ணெயில் கத்தியை அழுத்துவதற்கும் மயிலிறகால் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒரே தட்டை வாரா வாரம் போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அடுத்தது முள்ளின் பருமன். எல்.பி. தட்டின் கோடு மிக நுண்ணியது. 78 தட்டின் கோடு அகலம். 78-க்கான முள் ஏறத்தாழ நான்கு மடங்கு பருமன். எல்.பி. முள்ளை 78-ல் வைத்தால் கோட்டின் அடிவரை இறங்கி, அங்கே கிடக்கும் தூசியையெல்லாம் உரசி இரைச்சலாக்கும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தாலோ தட்டே பாழ். ஆகவே, முள்ளை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் உள்ளதாக வாங்குங்கள். மேலே சொன்ன ஆடியோ டெக்னிகாவில் இந்த வசதி இருக்கிறது.

மூவிங் காயில் என்று மிக உயர்ந்த ஒரு வகை கார்ட்ரிட்ஜ் உண்டு. நாதம் பிரமாதம்தான். ஆனால் பெரும்பாலானவற்றில் முள் தேய்ந்தால் நாமே மாற்ற முடியாது. கார்ட்ரிட்ஜையே அனுப்ப வேண்டும். தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு இந்த அலைச்சல் தேவைதானா?

வைர முள் சுமார் 500 முதல் 1000 மணி நேரம் உழைக்கும். தினம் ஒரு எல்.பி.யின் இரண்டு பக்கமும் கேட்டால், இரண்டு வருஷத்துக்கு மேல் கவலையில்லை. அதன் பிறகு ஒத்திப் போடாதீர்கள். தேய்ந்த முள் உளி மாதிரி செதுக்கிவிடும்.

தாத்தா காலத்துச் சாவி கொடுக்கும் கிராமபோன் இருக்கிறதா? அலங்காரத்துக்கு வையுங்கள். 78 தட்டு போட்டே ஆகவேண்டுமானால், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது இரும்பு முள். எல்.பி. தட்டை அதன் பக்கத்திலேயே கொண்டு போகக் கூடாது.

கரண்டைக் கவனியுங்கள்

வெளிநாட்டிலிருந்து உறவினர் பழைய டர்ன்டேபிள் கொண்டு வருவதாகச் சொன்னால், ஆசையோடு தலையாட்டுமுன் பின்பக்கச் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். நம் கரண்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்துவிடலாம். ஆனால் பழைய யந்திரங்கள் பலவற்றின் மோட்டார், ஹெர்ட்ஸ் கணக்கில் சுற்றுவது. இங்கே அது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவது போலக் கேட்கும்! கிட்டப்பாவுக்கு இந்தக் கொடுமை வேண்டாமே.

இன்னொன்று: டர்ன்டேபிளை வாங்கினால் மட்டும் பாட்டு வராது. முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் சமிக்ஞை. அதைப் பெரிதாக்க ஃபோனோ பிரீஆம்ப், பிறகு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் வேண்டும். சில யந்திரங்களில் பிரீஆம்ப் உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் அதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். இருக்கிற பணம் முழுவதையும் டர்ன்டேபிளில் கொட்டிவிட்டு மட்டமான ஸ்பீக்கரில் கேட்பது, பட்டுப்புடவைக்குக் கிழிந்த பாவாடை கட்டின மாதிரி. பணத்தில் பாதி டர்ன்டேபிளுக்கும் முள்ளுக்கும், மீதி மற்றவற்றுக்கும் என்று வைத்துக்கொண்டால் சௌகரியம்.

எங்கே வைப்பது?

ஆடாத இடம் வேண்டும். மச்சில் பலகைத் தளம் என்றால், பிள்ளைகள் ஓடும்போது முள் துள்ளும். கீழ்த்தளத்துச் சுவரில் பதித்த சிமெண்ட் ஸ்லாப் அருமையான இடம். ஆனால் ஓதம் ஏறும் சுவராக இருக்கக் கூடாது. ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே பலகையில் வைக்காதீர்கள். மட்டப்பலகை வைத்துச் சமம் பார்த்துவிடுங்கள்.

சாரல் காலத்துப் பராமரிப்பு

பூசணம் தட்டைவிட, தட்டின் மேல் இருக்கும் கைரேகை எண்ணெயையும் தூசியையும் காகித உறையையுமே தின்கிறது. ஆகவே தட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். பூசணம் பிடித்த உள்ளுறையைத் தயங்காமல் எறிந்துவிட்டுப் புது உறை போடுங்கள்.

கழுவுவதற்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மெத்தென்ற துணியை நனைத்துப் பிழிந்து, கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுத்தாளில் ஈரம் படக் கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். 78 தட்டுக்கு ஸ்பிரிட் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். பரண் வேண்டாம், கோடையில் ஓட்டுச் சூட்டில் எல்.பி. வளைந்துவிடும். சுவரை ஒட்டாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்து, வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். தட்டை வெயிலில் மட்டும் காட்டாதீர்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில்

பூசணம் பிடித்த உறைகளை வீட்டுக்குள் தட்டாதீர்கள். ஆஸ்துமா, இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளித் திண்ணையில் வைத்துத் துடையுங்கள். கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கழற்றிய முள்ளும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது.

சத்தத்திலும் கவனம் தேவை. குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 75 டெசிபலுக்கு மேல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பாட்டு ஓடும்போது, குரலை உயர்த்தாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரியான அளவு.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் ஆங்கில சங்கீதத்தில் ஏமாந்துவிட வேண்டாம். நாகஸ்வரமோ வீணையோ தம்பூராவோ நீண்டு ஒலிக்கும் இடத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள். நாதம் ஊசலாடாமல் நிற்கிறதா? பாட்டு முடிந்த இடைவெளியில் உறுமல் கேட்கிறதா? தட்டின் கடைசிப் பாட்டு, முதல் பாட்டைப் போலவே தெளிவாக இருக்கிறதா? பிறகு, புது முள் என்ன விலை, எத்தனை நாளில் வரும், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் பணத்தை எண்ணுங்கள்.

நம்மிடம் இருப்பது பத்துத் தட்டுதான், லட்ச ரூபாய் கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. நல்ல டர்ன்டேபிள் வைத்திருக்கும் நண்பர் வீட்டிலோ, அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் போட்டவர்களில் தட்டுகளை இன்னும் பேணி வருபவர் யாரிடமாவதோ கேட்டு, ஒவ்வொரு தட்டையும் ஒரு முறை சுத்தமாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளுங்கள். தட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும். பாட்டைத் தினம் கேட்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு புது உறையின் மேலும், இந்தத் தட்டை யார் வாங்கியது, எந்த விசேஷத்துக்கு வாங்கியது என்று மாமியாரைக் கேட்டுப் பென்சிலால் எழுதி வையுங்கள். எந்த லட்ச ரூபாய் யந்திரத்தாலும் அந்த விவரத்தை எடுத்துத் தர முடியாது. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வதுதான் நல்லது.