செட்-டாப் பாக்ஸ் பரிசோதனை: முத்திரை இருந்தும் படம் வருமா?

புது தில்லி: கடையில் வாங்கும் செட்-டாப் பாக்ஸில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருந்தால், படம் தெளிவாகத் தெரியும் என்றே நுகர்வோர் நம்புகின்றனர். ஆனால், அந்த எண் தரும் உத்தரவாதம் வேறு.

2012-ல் மத்திய அரசு பிறப்பித்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலில் இருந்த 15 மின்னணுப் பொருள்களில் செட்-டாப் பாக்ஸும் ஒன்று. மின்னதிர்ச்சி, தீ, மிகை வெப்பம் ஆகியவற்றால் ஆபத்து நேராமல் காப்பதே அப்பரிசோதனையின் நோக்கம். பலவீனமான அலையைக் கருவி பிடிக்குமா என்பது அதில் அடங்காது. பரிசோதனைக்கான மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புபவரும் தயாரிப்பாளரே. பின்னர் சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க அமைவனத்துக்கு அதிகாரம் உண்டு எனினும், அப்போதும் பார்க்கப்படுவது பாதுகாப்பு மட்டுமே.

செயல்திறனுக்குத் தரநிலைகள் இல்லாமல் இல்லை. கேபிள் பெட்டிக்கு ஐ.எஸ். 15245, டிடிஎச் பெட்டிக்கு ஐ.எஸ். 15377 உள்ளன. கட்டண டிடிஎச் நிறுவனங்களை உரிம நிபந்தனை கட்டுப்படுத்துகிறது. தூர்தர்ஷனின் இலவச சேவைக்காக வெளிச்சந்தையில் பெட்டி வாங்குபவருக்கு அத்தகைய காப்பு இல்லை. சந்தா கட்ட இயலாதவர் வீட்டுக்குத்தான் தளர்ந்த சோதனை என்பது விந்தையே.

இந்த இடைவெளி அந்தமானில் மேலும் விரிகிறது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் இலவச டிடிஎச் சேவையைத் தொடங்கியபோது, அதன் கியூ-பேண்ட் அலைகள் அந்தமான் நிகோபார் தீவுகளை எட்டவில்லை. தீவுகளுக்கென 10 அலைவரிசைகளுடன் சி-பேண்டில் தனிச் சேவை வந்தது 2009 ஏப்ரலில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

சி-பேண்ட் அலை மழையை நன்கு தாங்கும். ஆனால், அதற்குப் பெரிய டிஷ் வேண்டும், தனி எல்.என்.பி. வேண்டும், பெட்டியின் மென்பொருளிலும் அதற்கான அமைப்பு இருக்க வேண்டும். கியூ-பேண்டை மட்டும் கருதித் தயாரிக்கப்பட்ட பெட்டி, முறையான பதிவு எண்ணுடன் கப்பலேறி வந்தாலும், தெற்கு அந்தமானின் பத்துபஸ்தியில் சி-பேண்ட் டிஷ் வைத்திருப்பவருக்குப் பயன்படாது. கியூ-பேண்டில் கட்டண சேவை பெறுவோருக்கோ கனமழையின்போது படம் உறைந்து நிற்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊரில் இது அரிதான நிகழ்வல்ல. பழுதான பெட்டியைத் திருப்பி அனுப்பலாம் என்றால், சென்னை 1,300 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது.

2022-ல், செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளமைந்த தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு ஐ.எஸ். 18112 என்ற தரநிலையை அமைவனம் வெளியிட்டது. தரநிலை வெளியானால் மட்டும் அது கட்டாயமாகிவிடாது. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு தனி ஆணை பிறப்பிக்க வேண்டும்.

2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒளிபரப்பு மேம்பாட்டுத் திட்டத்தில், தொலைதூர, பழங்குடியினர் பகுதிகளுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை இலவசமாக வழங்கவும் வகை செய்யப்பட்டது. அப்பெட்டிகள் எந்த அலைக்காக, எந்த மழையில் சோதிக்கப்படுகின்றன என்பது நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி.